விளக்கடியில் பனிக்கட்டி

ரங்கராஜனின் உடம்பிலேயே மிகவும் ஆசாரமான உறுப்பு அவருடைய வலது கட்டைவிரல். சந்தியாவந்தனம் புனே வந்த முதல் மழைக்காலத்திலேயே கரைந்து போயிற்று. பூணூல் ஆவணி அவிட்டத்துக்கு ஆவணி அவிட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். பூண்டு, வெங்காயம், மராட்டி மிஸல் எல்லாம் வயிற்றுக்குள் சமாதானமாகக் குடித்தனம் நடத்தின. மடி மட்டும் போகவில்லை. அது அவர் அம்மாவின் ஈரப்புடவையிலிருந்து கிளம்பி, மாயவரத்திலிருந்து ரயிலேறி வந்து, அந்தக் கட்டைவிரலில் உட்கார்ந்துகொண்டது. எந்த மின்கருவி கைக்கு வந்தாலும் விரல் முதலில் ரீசெட் பொத்தானைத் தேடும், அழுத்தும். கருவி ஒருமுறை செத்துப் பிழைத்து, பழைய நினைவையெல்லாம் உதறிவிட்டு, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்து நின்றால்தான் ரங்கராஜன் அதோடு பேசவே ஆரம்பிப்பார்.

அவர் அம்மாவின் மடி பிரசித்தம். அவர்கள் கொல்லைக்கு வரும் காக்காய் காவேரியில் ஒரு முழுக்குப் போட்டு, இறகை உதறிக் காயவைத்துக்கொண்டுதான் மதில்மேல் உட்காரும் என்று சொல்வார்கள். அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போசரி தொழிற்பேட்டையில் ஆப்டே சாகேபின் கம்பெனியில் சேர்ந்து, புது ஆட்களுக்குப் பரிசோதனை முறை எழுதிக் கொடுத்தபோது முதல் வரி என்னவாக இருக்கும்? எதைச் செய்யுமுன்னும் ரீசெட் செய். பட்டறையில் மராட்டிப் பிள்ளைகள் அவருக்கு ‘ரீசெட் அண்ணா’ என்று பேர் வைத்தார்கள். தென்னாட்டிலிருந்து வந்தவன் எவனும் அங்கே அண்ணாதான். அதற்கு முன்னால் ஒரு பட்டமும் சேர்ந்ததில் ரங்கராஜனுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமை இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து செப்டம்பரில் வேறொரு மனிதனின் வயிற்றில் அடித்தது.

ஆப்டே கம்பெனியின் சாமான்களில் நன்றாக விற்றது ஒரு ரெக்கார்டர். டிபன் டப்பா அளவு இருக்கும். அதிலிருந்து நீளும் ஒயரின் முனையில் விரல்நீள உலோகக் குச்சி. அந்தக் குச்சியை ஆஸ்பத்திரியின் ரத்த ஃபிரிட்ஜுக்குள் விட்டுவைத்தால், உள்ளே எவ்வளவு குளிர் என்று ஓயாமல் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கு உள்ளேயே ஒரு பாட்டரி. எழுதுகிற இடம் ஃப்ளாஷ் மெமரி என்கிற சில்லு. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது போகாது. சில்லுக்குள் வாரத்துக்கு ஏழு அறை. திங்களுக்கு ஓர் அறை, செவ்வாய்க்கு ஓர் அறை. அடுத்த திங்கள் வந்தால் பழைய திங்களை அழித்துவிட்டு அதே அறையில் புதுத் திங்கள் குடியேறும். சில்லுக்கு முன்னால் வாயிற்காப்போன் மாதிரி ஒரு நிரல் நிற்கும். எழுது என்றால் எழுதும், அழி என்றால் அழிக்கும், காட்டு என்றால் உள்ளே போய் எடுத்து வந்து காட்டும். டிரைவர் என்பார்கள். அந்த டிரைவரை எழுதியவர் ரங்கராஜன்.

முதலில் அது மகா மந்தமாக இருந்தது. ஒரு நாளைய கணக்கை எடுத்துத் திரைக்குக் கொண்டுவருவதற்குள் நர்ஸம்மாக்கள் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிடுகிறார்கள் என்று ஆப்டே சாகேப் கேலி செய்தார். ரங்கராஜன் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். கடைசியாக எந்த அறையைத் திறந்து காட்டியதோ அதன் நகல் ஒன்றை டிரைவர் கைவசம் வைத்துக்கொள்ளும். மறுபடி அதே அறையைக் கேட்டால் உள்ளே போகாமல் நகலை நீட்டிவிடும். தொழிலில் இதற்குக் கேஷ் என்று பேர். திரை பளிச்சென்று வந்தது. ஆப்டே சாகேப் பட்டறை முழுக்கப் பாகர்வடி வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றவர்களில் ஒருவருக்குக்கூட அஜீரணம் வரவில்லை, வந்திருக்கலாம்.

கட்கியை ஒட்டிய ஒரு தர்ம ஆஸ்பத்திரியிலும் அந்த ரெக்கார்டர் இருந்தது. அங்கே ரத்த அறையைப் பார்த்துக்கொண்டவர் ஆரோக்கியசாமி. கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம்.

புனேயில் வியாழக்கிழமை மின்சாரத்துக்கு ஓய்வுநாள். பராமரிப்பு என்று காலையில் பிடுங்கி, சாயங்காலம் மனமிரங்கித் தருவார்கள். எல்லா வியாழனும் எல்லாப் பேட்டைக்கும் கிடையாது. இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் அங்கே. மின்சாரம் போகிற வியாழனில் ரத்த ஃபிரிட்ஜின் பிளக்கை ஜெனரேட்டர் ஒயருக்கு மாற்றிச் செருகுவது ஆரோக்கியசாமியின் வேலை.

செப்டம்பரில் ஒரு வியாழனன்று மின்சாரமும் போயிற்று, ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. நல்லவேளையாக ரத்த அறைக்குப் பொறுப்பான டாக்டர் இனாம்தார் அம்மாள் பைகளை முன்னாலேயே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார். காலி ஃபிரிட்ஜ் வெந்தது. எவ்வளவு வெந்தது என்று மறுநாள் ரெக்கார்டரில் வியாழக்கிழமையைத் திறந்து பார்த்து உச்சுக்கொட்டினார். அடுத்த வியாழன் மின்சாரம் போகவில்லை. பைகள் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருந்தன. சூடு கண்டவராதலால் டாக்டரம்மாள் வெள்ளிக்கிழமை காலை மறுபடி வியாழனைத் திறந்தார். திரையில் குளிர் இறங்கி, வெப்பம் ஏறி, மலை மாதிரி ஒரு கோடு.

நிர்வாகத்துக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாக நினைத்தது. வியாழக்கிழமைப் பழக்கத்தில் ஆரோக்கியசாமி பிளக்கைப் பிடுங்கி, ஓடாத ஜெனரேட்டர் ஒயரில் செருகிவிட்டு மறந்துபோயிருக்கிறார். ரத்தப் பைகள் குப்பைக்குப் போயின. ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனார். ரெக்கார்டரை யாரும் தொடக்கூடாது என்று அதன் பொத்தான்கள்மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார்கள். முத்திரைக்கு அடியில் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. இன்னொரு வியாழன் வந்தது. பழைய வியாழன் அழிந்து, புது வியாழன் ஏறியது. அதற்குப் பிறகுதான் கருவியைச் சோதிக்க ரங்கராஜனைக் கூப்பிட்டார்கள்.

போனார். முத்திரையைக் கிழித்தார்கள். யாரும் வணக்கம் சொல்லுமுன் கட்டைவிரல் ரீசெட்டை அழுத்திவிட்டது. பிறகு ஐஸில் வைத்தார், வெந்நீரில் வைத்தார். அது காட்டியதெல்லாம் நிஜம். கருவியில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் நல்ல டீ குடித்துவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரோக்கியசாமி சாங்வியில் ரங்கராஜனின் ஃபிளாட்டுக்கே வந்து நின்றார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, உட்காரச் சொன்னபின்னும் நாற்காலியின் விளிம்பில்.

“சார், நான் அந்த பிளக்கத் தொடவே இல்ல. அன்னிக்கு கரண்டே போவலியே, நான் எதுக்கு மாத்தணும்?”

மெஷின் வேறு மாதிரி சொல்கிறதே என்று ரங்கராஜன் இழுத்தார்.

“மெஷின் சொல்லுது. நானும்தான் சொல்றேன். அதுக்கு சீல் வச்சாங்க, எனக்கு சஸ்பென்ஷன் வச்சாங்க. அத்தத் தொறந்து பாக்க நீங்க வந்தீங்க சார். என்னைத் தொறந்து பாக்க யாரு வருவா?”

தசரா முடிந்த திங்கட்கிழமை விசாரணை. அன்றைக்கு வேலை போய்விடும் என்று சங்கத்துக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். வேலை மட்டுமில்லை. மகள் ஜோசபின் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிக்கிறாள். ரத்தத்தைக் கெடுத்தவன் மகள் என்று சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

“கருவியில தப்பில்லன்னு எழுதினது நீங்க. இன்னொருவாட்டி பாக்கலாமில்ல சார்?”

அவர் போனபின் ரங்கராஜனின் மனைவி விசாலம் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளில் யார் காப்பி அடித்தான் என்று முதுகைப் பார்த்துச் சொல்கிறவள்.

“கீழே வாசல் கேட்டோட கொண்டியைப் போட்டுட்டுப் போனார். பாதி வழி போய்த் திரும்பி வந்து, மறுபடி இழுத்துப் பாத்துட்டுப் போறார்ன்னா. இவரா பிளக்கை மறப்பார்?”

அந்தக் கேட்டுக் கொண்டி ரங்கராஜனின் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. கருவி பொய் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கருவிக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

அன்று ஆரம்பித்தது பைத்தியம். பட்டறையில் சோதித்தது போதாதென்று அதே ஜாதி ரெக்கார்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோதனைக்கென்று அதில் ஒரு வேகப்பாதை உண்டு. அதில் ஓடவிட்டால் சில நிமிஷம் ஒரு நாள். ஒரு மணி நேரத்துக்குள் வாரம் முடிந்து, அறைகள் அழிந்து, மறுபடி நிரம்பும். ரீசெட், ஐஸ், திறந்து பார், சரி. ரீசெட், வெந்நீர், திறந்து பார், சரி. சாப்பாட்டு மேஜையில் டம்ளர்கள் பெருகிப் பெருகி, சாப்பாடு தரைக்கு வந்துவிட்டது. வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் போதாமல் தெருமுனையில் ஐஸ் சீவி விற்கும் கோலாக்காரரிடம் வாங்கினார். அந்த ஒரு வாடிக்கையை நம்பி அவர் தன் பெண்ணுக்கு வரன் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஜெனரேட்டர் உதைத்த உதையில் கெட்டதோ என்று மிக்ஸியின் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். அதிர்ச்சியோ என்று பஜாஜ் ஸ்கூட்டரின் முன்பெட்டியில் போட்டு, சாங்வியின் குழிகள் ஒன்றையும் விடாமல் இறங்கி ஏறினார். ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் கழன்று விழுந்தது. ரெக்கார்டர் தன் கணக்கைச் சுத்தமாக ஒப்பித்தது. ஈரமோ என்று குளியலறையில் தொங்கவிட்டார். பல்லி நடந்திருக்குமோ என்றுகூட யோசித்தார். நல்லவேளை, சாங்வியில் வாடகைக்குப் பல்லி கிடைக்காது.

ஒவ்வொரு தடவையும் விரல் முதலில் ரீசெட்டைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் கருவி உண்மையே பேசியது. அது உண்மை பேசப் பேச ரங்கராஜன் இளைத்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். நிரலை வரிவரியாகப் படித்தார். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுதியபோது நினைத்ததைத்தான் பார்க்கிறது. எல்லா வரியும் நல்லவையாகவே தெரிந்தன. தசரா நெருங்க நெருங்க அவர் ஆரோக்கியசாமியைக் கனவில் காணவில்லை. கேட்டுக் கொண்டியைக் கண்டார். அது திறந்து மூடி, திறந்து மூடி, விடியும்வரை சத்தம் போட்டது.

கடைசியில் ஒரு சாயங்காலம் விசாலத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். திங்கட்கிழமை போய், கருவியில் தப்பு இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா?

விசாலம் விடைத்தாளிலிருந்து தலையெடுக்கவில்லை. “எங்கே, காட்டுங்கோன்னு கேப்பா. என்னத்தைக் காட்டுவேள்? குறையில்லைன்னு எழுதினவரே இப்போ குறைங்கறார், ஆரோக்கியசாமி என்ன குடுத்தான்னுதான் பேசுவா. அந்த மனுஷனுக்குப் போறது வேலை மட்டும்தான். அதுக்கு மேலயும் போகணுமா?”

அந்த வழியும் அடைபட்டது.

சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. அவர்கள் வீட்டு வழக்கம் சுருக்கமானது, ஆனால் கறாரானது. விசாலத்தின் புத்தகங்கள், ரங்கராஜனின் சால்டரிங் இரும்பு, மீட்டர் எல்லாம் சுவாமிக்கு முன்னால் போகும். ஒரு நாள் முழுக்க யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, அவரவர் தொழிலில் ஒரு துளி செய்ய வேண்டும். ரெக்கார்டருக்கு மட்டும் இந்த வருஷம் விலக்குக் கேட்டார் ரங்கராஜன். திங்கட்கிழமை விசாரணை, இருப்பதே இரண்டு நாள். விசாலம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாருங்கள் என்றாள்.

குளிக்கப் போகுமுன் அவர் வழக்கமான ஐஸ் சோதனையை முடித்தார். ஐஸ் டம்ளரில் ரெக்கார்டரின் குச்சி. திறந்து பார்த்தது வியாழக்கிழமை அறை. சில்லென்ற எண்கள், அப்பழுக்கில்லாமல். வேகப்பாதையில் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் மேஜை துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. ரெக்கார்டர் சுவாமிக்கு முன்னால், அல்ஜீப்ராவுக்கும் மீட்டருக்கும் நடுவில், நெற்றியில் சந்தனம் குங்குமம், தலையில் சாமந்திப்பூ. அணைக்காமல், ஒயரைப் பிடுங்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தாள். முன்னொரு தடவை எதையோ அணைத்துவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியபடி அது தீபாராதனையை வாங்கிக்கொண்டிருந்தது.

ரங்கராஜன் கத்தவில்லை. கத்துவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மனுஷன் வேலை போகப் போகிறதே விசாலம் என்றார்.

“ஒரு நாள் தொடாம இருங்கோ. இத்தனை நாள் தொட்டு என்னத்தைக் கண்டேள்?”

ரங்கராஜன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்று பகல் போல நீளமான பகல் புனே ஜில்லாவிலேயே அதற்குப்பின் வந்ததில்லை. கீழே காலனியில் எல்லா வண்டிக்கும் செண்டுமல்லி மாலை. கீழ்வீட்டுக்காரர் ரங்கராஜனின் ஸ்கூட்டருக்கும் ஒன்று கட்டி, மேலே பார்த்துக் கையசைத்தார். இவர் பதிலுக்குக் கையசைத்தது கொடி காட்டுகிற மாதிரி இருந்தது. சுண்டலைக் கிண்ணத்தோடு தள்ளி வைத்தார். மெல்ல எழுந்து சுவாமி அலமாரிப் பக்கம் போனார். விரல் நீண்டது. சமையலறையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஏன்னா” என்று ஒரு குரல். திரும்பி வந்து உட்கார்ந்தார். நாளை ஒரு நாள். அதில் மட்டும் என்ன கிழிக்கப் போகிறோம் என்று நினைத்தபோது, இத்தனை வருஷத் தொழிலும் ஒரு பிடி ஐஸ் மாதிரி உள்ளங்கையில் கரைந்து ஒழுகுவதாகத் தோன்றியது. ஆரோக்கியசாமி இந்நேரம் கட்கியில் என்ன செய்துகொண்டிருப்பார்? கொண்டி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

விஜயதசமி காலை. ஈர வேஷ்டியோடு பலகையில் உட்கார்ந்து ரெக்கார்டரை மடியில் எடுத்தார். கட்டைவிரல் தன் பூர்வீக இடத்துக்குப் போயிற்று. பொத்தான் அழுந்தவில்லை. முந்தின நாள் விசாலம், கருவியின் முகத்தில் வட்டமாக மேடாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான் என்று சந்தனத்தை அதன்மேல் அப்பியிருந்தாள். அது காய்ந்து, பொத்தானைச் சுற்றிச் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது.

ரீசெட் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பரிதாபமாகச் சொன்னார். பிறகு சுரண்டிக்கொள்ளலாம், நல்ல வேளை போகிறது, முதலில் ஒரு வரி படியுங்கள் என்றாள் விசாலம், அல்ஜீப்ராவைத் திறந்துகொண்டே.

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, குளிப்பாட்டாத கருவியோடு ரங்கராஜன் பேசினார். வியாழக்கிழமையைத் திறந்தார். சில்லென்ற எண்கள். அதே ஐஸ். எப்போதும்போலச் சரி என்று தலையாட்டிவிட்டு, குச்சியை எடுப்பதற்காக டம்ளரைத் தேடினார்.

“டம்ளர் எங்கே?”

“நேத்தே கொட்டி அலம்பிட்டேனே.”

ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனார். அது புத்தகங்களைச் சுற்றி, பூவுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. குச்சி குத்துவிளக்கின் மேல் சாய்ந்திருந்தது. விசாலம் நேற்றுக் காலையிலிருந்து அணையாமல் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்ட விளக்கு. தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார்.

எரிகிற விளக்கடியில் ஐஸ்.

ஒரு நாளும் ஓர் இரவும் விளக்குச் சூட்டில் கிடந்திருக்கிறது. வேகப்பாதையில் வியாழக்கிழமை எத்தனையோ தடவை அழிந்து மறுபடி எழுதியாகிவிட்டது. திரையிலோ இல்லாத டம்ளரின் குளிர். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். ரீசெட்டை அழுத்தினார். மறுபடி வியாழக்கிழமை. எண்கள் கொதித்தன.

ஒரே சில்லு, ஒரே அறை. குளிக்குமுன் ஒரு சாட்சி, குளித்தபின் ஒரு சாட்சி.

ரங்கராஜன் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். டிரைவரின் கையில் இருந்த நகல்தான் அந்த ஐஸ். அறையை அழித்துப் புதிதாய் எழுதிய பிறகும் பழைய நகலைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறது. அதே அறையைக் கேட்டதும் அதை நீட்டியிருக்கிறது. டாக்டரம்மாளுக்கும் அதையேதான் நீட்டியது. ஜெனரேட்டர் மக்கர் செய்த வியாழனை, அடுத்த வாரத்து வியாழன் என்று. ரீசெட் செய்தால் சில்லில் எழுதியது அப்படியே இருக்கும், நகல் மட்டும் போய்விடும். நகல் போனால் கருவி யோக்கியமாகிவிடும். கோளாறு என்று பட்டறைக்குத் திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டியையும் முதலில் ரீசெட், பிறகு சோதனை, குறையில்லை என்று திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் முத்திரையைக் கிழித்த அந்த நிமிஷம்கூடப் பொய்ச் சாட்சி உள்ளேயே, பிடிபடக் காத்திருந்தது.

“நான்தான் விசாலம். அதைக் குளிப்பாட்டி வழியனுப்பினது நான்தான்.”

விசாலம் அல்ஜீப்ராவை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நிரலில் இடம் உடனே கிடைத்தது. அறையை அழி என்று சில்லுக்குச் சொன்ன இடத்தில், கைவசமுள்ள நகலையும் கிழி என்று சொல்ல மறந்திருந்தார். ஒரு வரி. பாகர்வடி தின்ற அவசரத்தில் விட்டுப்போன வரி.

மத்தியானம் ஆப்டே சாகேபுக்குப் போன் செய்தார். அவர் தசரா வழக்கப்படி ஆப்டா மரத்து இலைகளைப் பொன்னென்று நினைத்து நாலு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த உற்சாகத்தில் இருந்தார். கேட்டதும் உற்சாகம் வற்றியது. வரியைச் சேர்த்துவிடு, அடுத்த சர்வீஸில் ஒவ்வொரு பெட்டியிலும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், அந்த ஆஸ்பத்திரி சமாசாரம் அவர்கள் சமாசாரம் என்றார். இது வெளியே போனால் ஒரு ஆஸ்பத்திரியும் நம் வாசல்படி ஏறாது, பட்டறைப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், யோசி என்றார். ரங்கராஜன் யோசித்தார். அதுவும் நிஜம்தான். பத்து வருஷத்துக்கு மேலாக அவர் சாகேபை எதிர்த்து டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்றுகூடச் சொன்னதில்லை. நாளைக்கு லீவு வேண்டும் என்று மட்டும் மராட்டியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது விசாலம் அவருடைய வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றினாள். காயம் ஒன்றும் இல்லையே என்றார்.

“இனிமே ஆகாம இருக்கத்தான்.”

விசாரணை அறையில் நீள மேஜை. ஒருபக்கம் நிர்வாகம், டாக்டர் இனாம்தார் அம்மாள். மறுபக்கம் ஆரோக்கியசாமி, அதே இஸ்திரிச் சட்டையில், கல்யாணத்துக்கு வந்த மாதிரி. ரங்கராஜன் சந்தனக் கறையோடு ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தார். பூஜை சாமானை ஏன் கொண்டுவந்திருக்கிறார் என்று நிர்வாகத்தில் ஒருவர் சிரித்தார். ஒரு டம்ளர் ஐஸும் ஒரு டம்ளர் கொதிக்கும் டீயும் கேட்டார். நிர்வாகத்தின் முன்னால் டீ கேட்கும் தைரியத்தைப் பார்த்து பியூன் இரண்டாகக் கொண்டுவந்தார்.

ஐஸில் வைத்தார். வியாழக்கிழமையைத் திறந்து காட்டினார். பிறகு டீயில் வைத்து வேகப்பாதையில் விட்டார். வாரம் முடிந்து வருகிறவரை எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். டீ ஆற ஆறப் புது டீ ஊற்றினார்கள். அந்த நேரத்தில் பிளாஸ்திரி போட்ட விரல் தானாக இரண்டு தடவை பொத்தான்வரை போய், வெட்கப்பட்டுத் திரும்பியது. வியாழக்கிழமையை மறுபடி திறந்தார். டீயில் ஆவி பறந்தது. திரையில் ஐஸ்.

டாக்டரம்மாள் சட்டென்று விடவில்லை. கருவி பொய் சொல்லக்கூடும் என்று தெரிகிறது, அன்றைக்குச் சொன்னது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். ரங்கராஜன் கேள்வியையே திருப்பினார். அதற்கு முந்தின வியாழன் ஃபிரிட்ஜ் வெந்தது அல்லவா, மறுநாள் நீங்கள் திறந்து பார்த்தது எந்த அறை? வியாழன். அதன்பின் அந்த வாரம் வேறு நாள் எதையாவது திறந்தீர்களா? டாக்டரம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதையும் திறக்கவில்லை. மலை மாதிரி இருந்த அந்தக் கோட்டை இரண்டு தடவை பார்த்திருக்கிறார்; இரண்டும் ஒரே மலை.

குறையில்லை என்று எழுதியதும் இந்தக் கைதான் என்று ரங்கராஜன் சொன்னார். சொல்லும்போது ஆரோக்கியசாமியைப் பார்க்க முடியவில்லை; ரெக்கார்டரின் சந்தனத்தைப் பார்த்துச் சொன்னார்.

மன்னிப்பு என்கிற சரக்கை நிர்வாகங்கள் ஸ்டாக் வைப்பதில்லை. சஸ்பென்ஷன் ரத்து என்று ஒரு வரி சொன்னார்கள். டாக்டரம்மாள் மட்டும் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, ஆரோக்கியசாமியின் எதிரில் நின்றார். பிறகு, ஜோசபின் இன்று எந்த வார்டில் இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஆப்டே சாகேப் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள், எல்லாப் பெட்டியையும் நீயே ஊர் ஊராகப் போய்ச் சரிசெய் என்று ரங்கராஜனை சர்க்கார் எஸ்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பாதி ஆஸ்பத்திரிகள் பெட்டியைத் திருப்பியே அனுப்பிவிட்டன. பட்டறையில் சில பிள்ளைகள் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். அவர்கள் ரங்கராஜனைப் பேட்டைச் சாலையில் பார்த்தால் அண்ணா என்று கூப்பிடுவதில்லை. அது இரண்டு பக்கமும் வலிக்கிற விஷயமாகவே கடைசிவரை இருந்தது.

ஆனால் முதலில் போனது கட்கிக்குத்தான், அந்த வாரத்து வியாழக்கிழமை. மின்சாரம் போயிருந்தது, ஜெனரேட்டர் நாய் மாதிரி குரைத்துக்கொண்டிருந்தது. ஆரோக்கியசாமி பிளக்கை மாற்றிச் செருகிவிட்டு, அறைவாசல்வரை போய், திரும்பி வந்து, மறுபடி அழுத்திப் பார்த்தார். ஃபிரிட்ஜுக்குள் ரத்தப் பைகளுக்கு நடுவே நூலில் கட்டி ஒரு பாதரசத் தெர்மாமீட்டர் தொங்கிற்று. புதுசு. அவர் சொந்தமாக வாங்கித் தொங்கவிட்டது.

ரங்கராஜன் அதைப் பார்த்தார். புது நிரலை ஏற்றி முடித்தார். பிளாஸ்திரி எப்போதோ உரிந்துவிட்டிருந்தது. விரல் பழக்கமாக எழுந்து பொத்தானை நோக்கிப் போனது. பாதி வழியில் ஆரோக்கியசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், மெல்லத்தான்.

“அத விடுங்க சார். அப்பிடியே காட்டட்டும்.”

இரண்டு பேரும் குனிந்து, தெர்மாமீட்டரை ஒருமுறையும் திரையை ஒருமுறையும் பார்த்தார்கள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொருமுறை.